சட்டைப் பையில் இரண்டு சீட்டு

மரணம் மனிதனின் எல்லா ரகசியங்களையும் மூடிவிடும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். போர்வைக்கு அந்தப் பொறுப்பு தெரியவில்லை. கழுத்துவரை இழுத்தால் கீழே இரண்டு கட்டைவிரல்கள் எட்டிப் பார்த்தன. கட்டைவிரல்களை மூடினால் மேலே காலர் தெரிந்தது. மகள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல்களைக் கைவிட்டாள். போர்வையின் இரண்டு மேல்முனைகளையும் அப்பாவின் தோளுக்கடியில் திணித்தாள். நெஞ்சின்மேல் ஒரு பூச்செண்டை வைத்தாள். பூச்செண்டின்மேல் தன் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள்.

"காலை மூடும்மா, பாக்க நல்லாயில்ல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அப்பாவுக்குக் காத்தோட்டமா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றாள்.

பெட்டியில் படுத்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முந்தின நாள் மாலை கடையில் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸைச் செருகி, "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்று பதில் வந்தபோது அதைக் கேட்க அவர் இல்லை. வாடிக்கையாளர், பாவம், எதிரே மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரைக்கும் தப்பில்லாமல் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம்.

கண்ணாடி அவருக்குச் சோறு போட்டது. பேர் வாங்கிக் கொடுத்தது போக்கர். இரண்டு தெரு தள்ளியிருந்த மனமகிழ் மன்றத்தில் அவருக்குப் பேர் புலி. மன்றத்துச் சுவரில், நிறுவனர்கள் படத்துக்கும் தீயணைக்கும் கருவிக்கும் நடுவே, அவர் படம் தொங்கியது. உயிரோடு இருக்கும்போதே படம் மாட்டப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

காரணம் ஒரே ஒரு ஆட்டம். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். மேஜை நடுவே எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள்; பிறகு ஒன்று; பிறகு கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பந்தயச் சுற்று. சாதாரண மனிதர்கள் முதல் சுற்றில் கட்டுவார்கள், இரண்டாவதில் யோசிப்பார்கள், மூன்றாவதில் பாத்ரூம் போய்விட்டு வருவார்கள். புலி அன்று முதல் சுற்றில் கட்டினார், இரண்டாவதில் அதைவிடப் பெரிதாகக் கட்டினார், மூன்றாவதில் தன் எதிரே இருந்த பந்தயச் சில்லு அத்தனையையும் முழங்கையால் தள்ளிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் மன்றத் தலைவர். கையில் இரண்டு ராணி, மேஜையில் ஒரு ராணி. மூன்று ராணிகளை வைத்துக்கொண்டு தலைவர் அரைமணி நேரம் வியர்த்தார், அப்புறம் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். கவிழ்த்த ஆத்திரத்தில் மேஜையைக் குத்த, தேநீர் கொட்டி, சீட்டுக்கட்டு முழுக்க நனைந்து குப்பைக்கூடைக்குப் போனது. நனையாமல் தப்பியவை புலியின் கையிலிருந்த இரண்டும்தான். அவற்றை அவர் யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து மன்றத்தில் இரண்டு கட்சி. புலி கையில் ஒன்றுமே இல்லை, வெறும் தைரியத்தை வைத்து மூன்று சுற்றும் மிரட்டினார் என்பது பல் டாக்டர் கட்சி. புலியிடம் உண்மையிலேயே பெரிய சீட்டு இருந்தது, அதை மோப்பம் பிடித்து ராணிகளைத் தியாகம் செய்தது தன் ஞானம் என்பது தலைவர் கட்சி. அந்த ஞானத்தைத் தலைவர் சும்மா விடவில்லை. 'பெரிய கையைக் கைவிடும் பக்குவம்' என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மன்றத்தில் வகுப்பெடுத்தார்.

புலியிடம் கேட்டால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். "இங்கதான் இருக்கு. எங்கயும் போகாது." எந்தச் சட்டை போட்டாலும் அந்த இரண்டு சீட்டும் அந்தப் பையில் இருக்கும் என்பது மன்றத்துக்கே தெரிந்த விஷயம்.

அது உண்மையில்லை என்பது மகளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். அண்ணன் முன்னால் நின்று வியாபாரம் பார்ப்பவன். குடும்பத்தில் மூவருக்கும் கண் பார்வை மோசம். அதில் கண்ணாடி போடாதவன் அண்ணன் ஒருவன்தான். "கண்ணாடி விக்கிறவனுக்கே கண்ணு தெரியலைன்னா எவன் வாங்குவான்?" என்பது அண்ணனின் வாதம். அவன் காலையிலிருந்து வாசலில் நின்று, வந்தவர்களை உருவத்தை வைத்துக் குத்துமதிப்பாக வரவேற்றுக்கொண்டிருந்தான். வாடகை நாற்காலி இறக்க வந்தவரை மன்றத் தலைவர் என்று நினைத்து அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டான். அவரும் நல்ல மனிதர், முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் மீதி நாற்காலியை இறக்கினார்.

உள்ளே பீரோ கதவு மூன்றாவது முறையாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அண்ணி வந்து காதோடு கேட்டாள்.

"ஏம்மா, என் வெள்ளைச் சட்டையப் பாத்தியா? இஸ்திரி போட்டுக் கதவுல மாட்டியிருந்தேன். நாளைக்கு டியூட்டிக்குப் போகணும்." அண்ணிக்கு ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை.

"இந்தக் கூட்டத்துல எங்க போய்த் தேடுறது அண்ணி? சாயங்காலம் பாத்துக்கலாம்."

"இருந்த இடத்துல இல்லையே. காலு முளைச்சு நடந்தா போகும்?"

மகள் பூச்செண்டைக் கொஞ்சம் நேராக வைத்தாள்.

மன்றத்துக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். நடுவில் தலைவர்; கருப்புக் கோட்டு, அதன் மேல் மன்றத்தின் பித்தளை முத்திரை. பெட்டிக்கருகே வந்து கண்ணை மூடி நின்றார். நின்ற நேரத்தைப் பார்த்தால் துக்கம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் கண்ணைத் திறக்காமலே குனிந்தார்.

"பாப்பா. ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க அங்கிள்."

"உங்கப்பா சட்டைப் பையில அந்த ரெண்டு சீட்டு... இப்பவும் இருக்கில்ல?"

"எப்பவும் இருக்குமே."

"ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். பெட்டியை மூடிட்டா அப்புறம் யாராலயும் பாக்க முடியாதும்மா. எனக்கும் வயசாச்சு. தூக்கம் வரமாட்டேங்குது."

அவர் கை போர்வையின் விளிம்புவரை வந்துவிட்டது. அவள் உள்ளங்கை நகரவில்லை.

அந்தச் சீட்டைப் பற்றி அப்பா உண்மையைச் சொன்ன காலை அவளுக்கு நினைவிருந்தது. கடை திறக்கும் முன், பின்னறையில், ஒரு கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு சீட்டு. கிளாவர் ஒன்பது, கிளாவர் மூன்று. மேஜையில் அன்று விழுந்த இஸ்பேடுகளோடு சேர்ந்து தன்னிடம் ஐந்து இஸ்பேடு, மூன்று ராணியையும் அடிக்கும் கை, ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் அவர் மூன்று சுற்றும் கட்டியிருக்கிறார். வீரமும் இல்லை, மிரட்டலும் இல்லை. அவர் சீட்டாடும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடியில் சீட்டின் நிழல் விழும், எதிராளி படித்துவிடுவான் என்பது தொழில் தெரிந்தவரின் முன்னெச்சரிக்கை. முன்னெச்சரிக்கையில் கிளாவர் இஸ்பேடாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்து, சில்லு அடுக்கக் கண்ணாடியை மாட்டியபோதுதான் கையிலிருப்பது என்னவென்று பார்த்திருக்கிறார்.

"பாத்துட்டு என்னப்பா பண்ணீங்க?"

"சிரிச்சேன்."

"உள்ள?"

"உள்ள ஈரக்குலை நடுங்கிடுச்சு. வெளிய சிரிச்சேன்."

சீட்டு இரண்டையும் கண்ணாடித் தூள் கிடந்த தொட்டியில் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டார். அதோடு விட்டிருந்தால் அவர் வெறும் அதிர்ஷ்டக்காரர். மறுநாளிலிருந்து அவர் மன்றத்தில் உண்மையாகவே அப்படி ஆட ஆரம்பித்தார். ஒன்றுமில்லாத சீட்டோடு, ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்தே, மூன்று சுற்றும். பல தடவை தோற்றார். தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டார். தப்பாகக் கிடைத்த பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. உழைத்து அதைச் சம்பாதித்தார். மகள் மனசில் அப்பாவின் படம் தொங்கியது அதற்காகத்தான், அந்தப் பழைய ஆட்டத்துக்காக இல்லை.

ஆனால் மன்றத்துக்கு அதைச் சொல்ல முடியுமா? கண்ணாடிக் கடைக்காரனுக்குச் சீட்டு தெரியவில்லை என்று ஒருமுறை சிரிக்க ஆரம்பித்தால், அந்தச் சிரிப்பு பின்னாடியே போய் அவர் நிஜமாக ஜெயித்த ஆட்டத்தையெல்லாம் அழித்துக்கொண்டு வரும். படத்தைக் கழற்றிவிட்டு அங்கே இன்னொரு தீயணைக்கும் கருவி மாட்டுவார்கள்.

முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அங்கே ஒன்றுமில்லை என்று தலைவருக்குப் புரிந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான்: "பயந்தவன் கொஞ்சமாக் கட்டுவான். அதைப் பாத்துத்தான் எதிராளிக்குத் தைரியமே வரும். மூணு சுற்றும் ஒரே கதையைத்தான் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் குரலை ஏத்தணும். நடுவுல கதையை மாத்தினே, தொலைஞ்சே."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாராளமாப் பாருங்க அங்கிள்."

தலைவருக்கே திகைப்பு. "பாக்கலாமா?"

"ஆனா திருட்டுத்தனமா வேண்டாம். அப்பா எதையும் மறைவாச் செஞ்சவர் இல்ல. மயானத்துல, பெட்டி உள்ள போறதுக்கு முன்னாடி, மன்றத்துக்காரங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டே பாக்கலாம்."

தலைவர் கையை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பின் மெல்லத் தலையாட்டினார். பின்வாங்கவில்லை. முதல் சுற்று முடிந்தது.

வேனில் பெட்டிக்குப் பக்கத்தில் அவளும் அண்ணனும் உட்கார்ந்தார்கள். விஷயம் அதற்குள் பரவியிருந்தது.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றான் அண்ணன் அடித்தொண்டையில். "பையில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன இருக்கு?"

"நீதானே அண்ணா உடுத்திவிட்டே. உனக்குத் தெரியாதா?"

அண்ணன் போர்வையை உற்றுப் பார்த்தான். அவன் உற்றுப் பார்ப்பதும் பார்க்காமலிருப்பதும் ஒன்றுதான். "நான் அழுதுக்கிட்டே உடுத்தினேன். பையெல்லாம் பாக்கல" என்றான்.

மின்மயானத்தின் முன்கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தலைவர் ஒலிபெருக்கியின் முன் போய் நின்றார். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. அதனால் அவருக்குக் குறையொன்றும் ஏற்படவில்லை.

"போக்கர் என்பது விளையாட்டல்ல. அது வாழ்க்கையை வாழும் தத்துவம்! அந்தத் தத்துவத்தின் சிகரம் இதோ நம்முன் துயில்கிறது. அந்தச் சிகரத்தின் எதிரே ஒருநாள் மூன்று ராணிகளைத் தியாகம் செய்தவன் நான்—"

"தியாகமா? தூக்கிப் போட்டீங்க" என்றார் பல் டாக்டர், முன்வரிசையிலிருந்து.

"பல் பிடுங்கறவங்களுக்குப் பக்குவம் புரியாது. இன்று அது நிரூபணமாகும். நம் புலியின் அருமை மகளே அனுமதி கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு சீட்டும் இன்று, எல்லார் முன்னிலையிலும், திறக்கப்படும்!"

கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. துக்க வீட்டில் அவ்வளவு உற்சாகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியின்மேல் ஏறினார்கள்.

மகள் எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் அங்கிள். ஆட்டத்துல ஒரு முறை இருக்கு. கடைசிப் பந்தயத்தைக் கட்டாம சீட்டைக் கவிழ்த்தவருக்கு எதிராளி சீட்டைப் பாக்க உரிமை கிடையாது. நீங்க அன்னைக்குக் கட்டல."

"அது... முறைதான்."

"இன்னைக்குக் கட்டுங்க. பாக்கலாம்."

"என்னம்மா கட்டச் சொல்றே?"

"தலைவர் பதவி."

"அப்படிப் போடு" என்றார் பல் டாக்டர், கொஞ்சம் உரக்கவே.

"அப்பா கையில பெரிய சீட்டு இருந்திருந்தா நீங்க செஞ்சது ஞானம். மன்றச் சுவத்துல இருக்கிற அப்பா படத்தை நானே வந்து கழட்டிக்கிட்டுப் போறேன். புலிங்கற பேரும் வேண்டாம். ஒண்ணுமில்லாத சீட்டா இருந்தா, அந்தப் பித்தளையை இங்கயே கழட்டி வெச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வகுப்பும் வேண்டாம்."

தலைவரின் கை தானாகக் கோட்டிலிருந்த முத்திரைக்குப் போனது. அவர் அவள் முகத்தையே பார்த்தார். மேஜையில் அப்பாவின் முகத்தில் எதைத் தேடினாரோ அதைத் தேடினார். அப்பாவின் மூக்கு, அப்பாவின் தாடை. சுற்றி மன்றமே நாற்காலிமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பின்வாங்க வழியில்லை.

"கட்டினேன்" என்றார்.

இரண்டாவது சுற்றும் முடிந்தது. அவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தார். ஒன்றுமில்லாத கையோடு இவ்வளவு தூரம் வந்தபின் நின்றாலும் சாவு, நடந்தாலும் சாவு. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கதையை மாற்றுவார்கள் என்று அப்பா சொல்வார். 'திடீர்னு மரியாதை ஞாபகம் வரும், மனசாட்சி ஞாபகம் வரும். அதெல்லாம் பயத்தோட மாறுவேஷம்.' அவளுக்கு மரியாதை ஞாபகம் வந்துகொண்டுதான் இருந்தது.

மயான ஊழியர் எட்டிப் பார்த்தார். "அடுத்த பெட்டி வந்து நிக்குதுங்க. மூடலாமா?"

"ஒரு நிமிஷம்ங்க" என்றாள் மகள்.

பெட்டியருகே போனாள். பூச்செண்டை எடுத்துக் கீழே வைத்தாள். காலையிலிருந்து நெஞ்சைவிட்டு நகராத தன் கையை எடுத்தாள். அப்பாவின் தோளுக்கடியில் திணித்திருந்த போர்வை முனைகள் இரண்டையும் தானே உருவித் தளர்த்திவிட்டாள். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"வாங்க அங்கிள். நான் தொடல. நீங்களே திறந்து, நீங்களே எடுத்து, நீங்களே படிங்க."

சொல்லிவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

மன்றத்தில் ஒரு முனகல் எழுந்தது. புலி கடைசிச் சுற்றில் சில்லைத் தள்ளிவிட்டு இருப்பது இதே கோலத்தில்தான். வெறும் கண்ணால் எதிராளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உலகம் கரைந்துபோனது. தலைவர் கோட்டு நிறத்தில் ஒரு கறையானார். பெட்டி ஒரு வெள்ளைக் கறை. கருப்புக் கறை வெள்ளைக் கறையை நோக்கி நகர்ந்தது, நின்றது, குனிந்தது. கை எங்கே இருக்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. அப்பா இத்தனை காலம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? எதிரே யார் முகமும் தெரியாமல், தன் சீட்டும் தெரியாமல்? கறையின் உச்சியில் கண்கள் இருக்கவேண்டிய இடத்தை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இமைக்கவில்லை. கொஞ்சமாகப் புன்னகைத்தாள்.

துணி உரசும் சத்தம் கேட்டது.

யாரோ இருமினார்கள்.

"வேண்டாம்" என்றது கறை.

"என்ன அங்கிள்?"

"வேண்டாம்மா. இறந்தவர் சட்டைப் பையில கைவிடறது... மரியாதையா இருக்காது. மனசாட்சி ஒத்துக்கல." "நல்லா ஆடினவன் நிம்மதியாப் போகட்டும். பெருந்தன்மைன்னு ஒண்ணு இருக்கில்ல. நான் கவுத்துட்டேன்."

"மறுபடியுமா!" என்றார் பல் டாக்டர்.

கூடம் முழுக்கக் கைதட்டியது. மயானத்தில் கைதட்டக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கவில்லை. தலைவரும் தட்டினார், தன் பெருந்தன்மைக்குத்தான் அந்தக் கைதட்டல் என்று அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சீட்டே திறக்காததால் பித்தளை முத்திரையும் கோட்டிலேயே தங்கியது; அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தலைப்பு தயாராகியிருக்கும்.

மகள் போர்வையைத் தன் கையால் மறுபடியும் கழுத்துவரை இழுத்து, அப்பாவின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். மூடி இறங்கியது. திருகாணிகளை ஊழியர் முறுக்கினார். இரும்புக் கதவு திறந்தது, மூடியது. அதன்பிறகுதான் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அதற்குள் அதைத் துடைக்க வேண்டியிருந்தது.

வெளியே மன்றத்துக்காரர்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துக்கம் விசாரிக்கிற குலுக்கல் இல்லை அது. "புலிக்குப் பொறந்தது பூனையாகுமா!" என்றார் பல் டாக்டர். "மன்றத்துல உங்கப்பா நாற்காலி காலியா இருக்கும்மா. யோசிச்சுப் பாரு." அண்ணன் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டான். சரியான தோள்தானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

திரும்பும் வேனில் காலி இடம் நிறைய இருந்தது. மகள் தன்னையறியாமல் தன் நெஞ்சுப் பக்கம், பை இல்லாத இடத்தில், இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு மாமா பேரைக் காப்பாத்திட்டே" என்றாள் அண்ணி மூக்கை உறிஞ்சியபடி. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னாள். "நல்ல வேளை, மாமாவோட வெள்ளைச் சட்டையையே உடுத்தி அனுப்பினோம். ஆனா காலையில பாத்தேன், அதே மாதிரி அவர் வெள்ளைச் சட்டை ஒண்ணு அப்படியே கதவுல மாட்டியிருந்துச்சு. அவருக்கு எத்தனை வெள்ளைச் சட்டைம்மா?"

"ஒண்ணுதான் அண்ணி."

அண்ணி கணக்குப் போட்டாள். மெல்லத் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னல் வழியாக எதையோ கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியோடு உள்ளே போன சட்டைக்குப் பை கிடையாது. பை இருக்கவேண்டிய இடத்தில் நீல நூலில் 'நல்வரவு' என்று தைத்திருந்தது.